வெண்ணெய் மணம் எந்தப் புளிப்பில் பிறக்கிறது? உறை ஊற்றுவதிலிருந்து கடைவது வரை முழுமையான வழிகாட்டி

கிரீமுக்கு உறை ஊற்றிப் புளிக்கவைத்துக் கடைந்த வெண்ணெய்க்கு ஒரு தனி மணம் உண்டு. அந்த மணத்துக்கு முதற்காரணம் டைஅசிட்டைல் என்ற பொருள். பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றுதான்: "நன்றாகப் புளித்துவிட்டது, மணம்தான் வரவில்லை." உடனே உறையை மாற்றுகிறார்கள், கிரீம் வாங்கும் இடத்தை மாற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அவற்றில் இருக்காது. புளிப்பு எந்த வேகத்தில் ஏறியது, எந்த அளவில் அதை நிறுத்தினார்கள் என்பதில்தான் இருக்கும். இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் கைக்குக் கொண்டுவருவதற்காக. வீட்டில் ஒன்றிரண்டு லிட்டர் கிரீமில் செய்பவர்களையும், சிறிய அளவில் செய்து விற்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. புளிப்பு வேறு வேலை, மணம் வேறு வேலை

இதைப் புரிந்துகொள்ளாமல் கீழே உள்ள படிகளைச் செய்தால், எங்காவது ஒரு படியைத் தேவையில்லை என்று விட்டுவிடுவீர்கள். அதனால் இதை முதலில் வைக்கிறேன்.

வெண்ணெய்க்கான உறையில் இரண்டு கூட்டம் பாக்டீரியா இருக்கிறது. ஒரு கூட்டம் பால் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் தரும். புளிப்பு அவர்கள் வேலை. இன்னொரு கூட்டம் சர்க்கரையோடு, பாலில் இருக்கும் சிட்ரேட் என்ற சிட்ரிக் அமில உப்பையும் தின்னும். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் இனத்தில் டைஅசிட்டிலாக்டிஸ் என்ற வகையும், லியூகோனோஸ்டாக் என்ற பேரினமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மணம் இவர்கள் வேலை.

பசும்பாலில் லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம் சிட்ரேட்தான் இருக்கிறது. சர்க்கரையோ லிட்டருக்கு 45 கிராமுக்கு மேல். வெண்ணெய் மணம் பெரும்பாலும் அந்தச் சின்னக் கையிருப்பிலிருந்துதான் வர வேண்டும்.

சிட்ரேட் செல்லுக்குள் போனதும் உடைந்து பைருவேட் ஆகிறது. சர்க்கரையிலிருந்து வரும் பைருவேட் பெரும்பாலும் லாக்டிக் அமிலமாகியே தீர வேண்டும். சர்க்கரை உடையும்போது சேரும் ஹைட்ரஜனை இறக்கிவைக்கச் செல்லுக்கு அதுதான் முக்கிய வழி. சிட்ரேட்டிலிருந்து வரும் பைருவேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் அது மிஞ்சுகிறது. போதிய அளவு மிஞ்சினால் இரண்டு பைருவேட் சேர்ந்து ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற நிலையற்ற பொருளாகிறது. அதன்மேல் ஆக்சிஜன் பட்டால் நொதியின் உதவி இல்லாமலே உடைந்து டைஅசிட்டைல் தரும். நொதியிடம் சிக்கினால் அசிட்டோயின் ஆகிவிடும். அசிட்டோயினுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான வாசனை கிடையாது.

இதில் புளிப்புக்கு என்ன பங்கு? சிட்ரேட்டைச் செல்லுக்குள் இழுத்துவரும் புரதம் ஒன்று உண்டு. அதுதான் வாசல். பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் எண், அது இறங்க இறங்கப் புளிப்பு ஏறும். அந்த வாசல் பிஎச் 5-க்கும் 6-க்கும் இடையில்தான் நன்றாகத் திறக்கிறது. பிஎச் 7-க்குப் பக்கத்தில் ஏறக்குறைய மூடியே இருக்கும். அந்தப் புரதம் இரண்டு எதிர்மின்சுமை கொண்ட சிட்ரேட்டைத்தான் தூக்கும், மூன்று சுமை கொண்டதைத் தொடாது. வெறும் தண்ணீரில் கணக்கிட்டால், புதுப் பாலின் பிஎச்சான 6.6-ல் சுமார் 40 சதவீத சிட்ரேட்தான் அந்த இரண்டு சுமை வடிவத்தில் இருக்கும். பிஎச் 5.5-ல் அது 75 சதவீதத்தைத் தாண்டிவிடும். பாலில் கால்சியம் குறுக்கே வருவதால் எண்கள் மாறும், ஆனால் போக்கு அதேதான். டைஅசிட்டிலாக்டிஸ் வகையில் இன்னொன்றும் நடக்கிறது: சுற்றுப்புறம் புளிக்கப் புளிக்க, அந்த வாசல் புரதத்தையே செல் கூடுதலாகச் செய்கிறது.

ஆக, புளிப்பு வந்த பிறகுதான் மணத்துக்கு வழி திறக்கும். அதே புளிப்பு அளவு கடந்து நீடித்தால், சிட்ரேட் தீர்ந்துபோய், அதே பாக்டீரியா டைஅசிட்டைலைத் திரும்ப அசிட்டோயினாக மாற்றிவிடும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே நிற்பதற்காகத்தான்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உறை: பாக்கெட்டில் "மீசோஃபிலிக் அரோமாட்டிக்" என்றோ, "எல்டி" அல்லது "டிஎல்" வகை என்றோ போட்டிருக்க வேண்டும். எல் என்றால் லியூகோனோஸ்டாக், டி என்றால் டைஅசிட்டிலாக்டிஸ். "ஓ" வகை என்று இருந்தால் அதில் புளிப்புக் கூட்டம் மட்டும்தான் இருக்கும். அதை வைத்து எத்தனை தடவை செய்தாலும் மணம் வராது. பலர் முதல் அடியிலேயே தவறுவது இங்கேதான்.

கடைத் தயிரையோ யோகர்ட் உறையையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். யோகர்ட்டில் உள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் லாக்டோபேசிலஸ் பல்காரிகஸும் 42 டிகிரி சூட்டில் வேலை செய்பவை. அவற்றின் மணத்துக்கு முக்கியக் காரணம் அசிட்டால்டிஹைடு. பச்சை ஆப்பிளை நறுக்கியதும் வருமே, அந்தச் சாயல். யோகர்ட்டுக்கு அது அழகு, வெண்ணெயில் அதுவே குறை.

கிரீம்: 35 முதல் 40 சதவீதம் கொழுப்பு, நிலைப்படுத்திகள் சேர்க்காதது. கடைகளில் சிறிய அட்டைப்பெட்டியில் வரும் 25 சதவீத கிரீம் புளிக்கும், ஆனால் கடைந்தால் சரியாகத் திரளாது. பால் பண்ணைகளில் செபரேட்டரில் பிரித்த கிரீமைக் கேட்டு வாங்குங்கள்.

பிஎச் மீட்டர்: காகிதப் பட்டைகள் வேண்டாம். வெள்ளைப் பாலில் நிறத்தைச் சரியாகப் படிக்க முடியாது, நமக்கோ 5.0-க்கும் 4.7-க்கும் வேறுபாடு தெரிந்தாக வேண்டும். 0.1 துல்லியம் கொண்ட சாதாரணப் பேனா மீட்டர் போதும். கூடவே மீட்டரைச் சரிபார்க்க, பிஎச் 7.0, 4.0 என்று நிலையாக நிற்கும் பஃபர் கரைசல்கள்.

இவை தவிர ஒரு நல்ல தெர்மாமீட்டர், மீன்கடைகளில் கிடைக்கும் தடித்த தெர்மாகோல் பெட்டி, தண்ணீர் நிரப்பி உறையவைத்த அரை லிட்டர் பாட்டில்கள் நான்கு. விரும்பினால் உணவுத் தர டிரைசோடியம் சிட்ரேட் கொஞ்சம்.

3. மீட்டரை முதலில் சரிபார்க்கவும்

கிரீமைத் தொடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். நடுவில் செய்ய நேரம் கிடைக்காது.

முதலில் 7.0, பிறகு 4.0, இரண்டிலும் சரிபார்க்க வேண்டும். 7.0-ல் மட்டும் சரிபார்த்த மீட்டர், நமக்கு வேண்டிய 4.6-ல் 0.2, 0.3 தள்ளிக் காட்டலாம். அந்தத் தவறு ஒன்றே மொத்த முயற்சியையும் கெடுக்கப் போதும்.

மீட்டரைப் பாத்திரத்துக்குள் விடாதீர்கள். சுத்தமான கரண்டியால் 20 மில்லி தனியாக எடுத்து, அளந்து, அதைக் கொட்டிவிடுங்கள். பாத்திரத்துக்குள் விட்டால் வெளியிலிருந்து தேவையற்ற பாக்டீரியாவை நாமே கொண்டுபோய்ச் சேர்ப்போம். அளந்த பிறகு முனையை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவுங்கள். கொழுப்பு படிந்த முனை மெதுவாகவும் தவறாகவும் காட்டும். கழுவிய முனையை வெறும் தண்ணீரில் வைக்காமல், மீட்டரோடு வரும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.

மீட்டர் இல்லாமல், சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் அமிலத்தை அளந்து பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 9 கிராம் மாதிரிக்கு 0.1 நார்மல் கரைசல் 1 மில்லி செலவானால் 0.1 சதவீத லாக்டிக் அமிலம். இந்தக் கணக்கு சரி. ஆனால் அமிலம் கிரீமின் நீர்ப்பகுதியில்தான் இருக்கிறது, கொழுப்பில் இல்லை. 40 சதவீத கொழுப்புள்ள கிரீமில் 0.48 சதவீதம் என்று வந்தால், நீர்ப்பகுதியில் அது 0.8 சதவீதம். பாலுக்கான எண்ணை மனதில் வைத்துக்கொண்டு "இன்னும் புளிக்கவில்லை" என்று காத்திருந்து கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. முதலில் பாலில் ஒரு ஒத்திகை: ஐந்து பாட்டில்கள்

நேராகக் கிரீமுக்குப் போகாதீர்கள். கிரீம் விலை அதிகம், தவிர அதன் கொழுப்பு மணத்தை ஓரளவு மறைக்கும். அரை லிட்டர் பாலில் ஒரு தடவை செய்துபார்த்தால், உங்கள் உறை உங்கள் வீட்டில் எந்த வேகத்தில் போகிறது, எந்தப் புளிப்பில் மணம் வருகிறது என்று உங்கள் மூக்கே பழகிக்கொள்ளும்.

நீலப் பாக்கெட்டில் வரும் 3 சதவீதக் கொழுப்புப் பாலை 90 டிகிரிக்குச் சூடாக்கி 10 நிமிடம் வைத்து, 21 டிகிரிக்கு ஆற்றவும். உறையைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து, கொதிநீரில் கழுவிய ஐந்து சிறு பாட்டில்களில் ஊற்றி மூடி, 21 டிகிரியிலேயே வைக்கவும் (எப்படி என்பது 7-ஆம் பகுதியில்). இரவு 9, 10 மணிக்கு ஊற்றினால், அளக்க வேண்டிய நேரமெல்லாம் மறுநாள் பகலில் விழும்.

முதல் பாட்டிலைப் பிஎச் 6.0-லும், இரண்டாவதை 5.5-லும், மூன்றாவதை 5.0-லும், நான்காவதை 4.6-லும் எடுத்து, நன்றாகக் குலுக்கி, ஐஸ் தண்ணீரில் நிறுத்திவிடுங்கள். ஐந்தாவதை 4.6 வந்த பிறகும் அதே 21 டிகிரியில் இன்னும் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஐந்தையும் அரை மணி நேரம் வெளியே வைத்து, வீட்டில் வேறு யாரையாவது வரிசை மாற்றிக் கொடுக்கச் சொல்லி முகர்ந்து பாருங்கள். முதலாவதில் காய்ச்சிய பால் வாசனையைத் தவிர ஒன்றும் இருக்காது. இரண்டாவதில் லேசான புதுப்புளிப்பு. மூன்றாவதில் வெண்ணெய் எட்டிப்பார்க்கும். நான்காவதில் சந்தேகமே இருக்காது. ஐந்தாவதில் புளிப்பு தூக்கலாக இருக்கும், வெண்ணெய் மணம் மங்கியிருக்கும். நான்காவதையும் ஐந்தாவதையும் அடுத்தடுத்து முகர்ந்தவர்கள் அதற்குப் பிறகு கிரீமை அதிக நேரம் புளிக்க விடுவதில்லை. எத்தனை சொல்லியும் புரியவைக்க முடியாததை அந்த இரண்டு பாட்டில்கள் புரியவைத்துவிடுகின்றன.

ஒவ்வொரு பிஎச்சும் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த எல்லாப் படிக்கும் அந்தத் தாள்தான் துணை.

5. கிரீமைச் சூடாக்குவது

கிரீமை 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி, 5 நிமிடம் வைத்து, மூடியபடியே குளிர்ந்த தண்ணீரில் ஆற்றவும். ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்த கிரீமாக இருந்தாலும் செய்யுங்கள்.

இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. குளிர்ச்சியிலும் வளரும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாவும், அசுத்தத்தின் வழியே சேரும் கோலிஃபார்ம் பாக்டீரியா வகைகளும் டைஅசிட்டைலை அழிக்கும் நொதி கொண்டவை. புளிப்பு சரியாக வந்து, காலையில் மணமும் இருந்து, இரண்டு நாளில் அந்த மணம் காணாமல் போனால் முதலில் இவற்றைச் சந்தேகியுங்கள்.

சூடாக்கும்போது கிரீமில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் வெளியேறும். தொடக்கத்தில் ஆக்சிஜன் குறைவாக இருப்பது உறைக்கு நல்லது. மணத்துக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கடைசியில் நாமே தருவோம்.

6. சிட்ரேட் சேர்ப்பதாக இருந்தால் இப்போதே

ஆறிய கிரீமில், உறைக்கு முன்பு, லிட்டருக்கு 1 கிராம் டிரைசோடியம் சிட்ரேட்டைக் கொஞ்சம் கொதித்து ஆறிய நீரில் கரைத்துச் சேர்க்கலாம். கட்டாயமில்லை. தீவனமும் பருவமும் மாறினால் பாலின் சிட்ரேட்டும் மாறும், அந்த ஏற்ற இறக்கத்தை இது சமன்செய்யும். அதற்கு மேல் போட வேண்டாம். சிட்ரேட் புளிப்பைத் தாங்கிப் பிடிக்கும் பொருள், பிஎச் இறங்கும் நேரம் நீண்டுவிடும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "புளிப்பு வந்தால்தானே வாசல் திறக்கும், நாமே புளிப்பாக்கிவிடலாம்" என்று எலுமிச்சைச் சாற்றையோ சிட்ரிக் அமிலத்தையோ தொடக்கத்திலேயே ஊற்றுகிறார்கள். யோசனை கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும், பலிக்காது. உறை ஊற்றிய நேரத்தில் பாக்டீரியாவின் எண்ணிக்கை மிகக் குறைவு. வாசல் திறந்திருந்தும் உள்ளே வேலைக்கு ஆள் இல்லை. அந்தப் புளிப்பு அவை பெருகுவதையும் மெதுவாக்கும், கிரீமையும் திரித்துவிடும். முதலில் கூட்டம் பெருக வேண்டும், பெருகப் பெருகப் புளிப்பு ஏற வேண்டும், ஏறிய புளிப்பில் வாசல் திறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்ற முடியாது.

7. உறை ஊற்றும் நேரமும் 21 டிகிரியும்

ஒத்திகையில் 4.7-ஐத் தொட 16 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாலை 4 மணிக்கு உறை ஊற்றினால் காலை 8 மணிக்கு நீங்கள் விழித்திருக்கும்போது அது வரும். இரவு 9 மணிக்கு ஊற்றிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய், மாலையில் வந்து பார்க்கும்போது 4.3-ல் கிடக்கும். மணம் கெடுவதற்கு நான் பார்த்த காரணங்களில் இந்த நேரக் கணக்குப் பிழைதான் முதலிடம்.

உறையைத் தூவி 5 நிமிடம் ஊறவிட்டு, மெதுவாகக் கலக்கவும். ஒரே சீராகப் பரவினால் போதும், நுரைக்க அடிக்க வேண்டாம்.

இனிச் சூடு. நம் வீடுகளில் அறைச் சூடு பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தச் சூட்டில் புளிப்புக் கூட்டம் பாய்ந்து பெருகும், லியூகோனோஸ்டாக் பின்தங்கிவிடும். அதற்குப் பிடித்தது 20 முதல் 25 டிகிரி. பாலில் தனியாகப் பெருகவே அது சிரமப்படும், கூட்டாளிகள் புரதத்தை உடைத்துத் தருவதை நம்பி மெதுவாக வளர்வது. 30 டிகிரியில் ஆறேழு மணி நேரத்தில் கிரீம் கெட்டியாகிவிடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பிஎச் 5.5-லிருந்து 4.7-க்குச் சட்டென்று விழுந்திருக்கும். சிட்ரேட் கூட்டத்துக்கு ஆள் சேரவும் நேரம் கிடைத்திருக்காது, வேலை செய்யவும் நேரம் கிடைத்திருக்காது.

லியூகோனோஸ்டாக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. புளிப்புக் கூட்டம் விடும் அசிட்டால்டிஹைடை அது எத்தனாலாக மாற்றி அடக்கிவிடும். அது பின்தங்கினால் வெண்ணெயில் பச்சை வாடை தங்கும்.

அதனால் தெர்மாகோல் பெட்டி. கிரீம் பாத்திரத்தை நடுவில் வைத்து, அதைத் தொடாமல் இரண்டு ஐஸ் பாட்டில்களைத் துணியில் சுற்றி ஓரத்தில் வையுங்கள். 5, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டிலை மாற்றினால் 20-க்கும் 22-க்கும் நடுவே நிற்கும். உங்கள் பெட்டி எப்படி என்பதை முதல்நாள் வெறும் தண்ணீர் பாத்திரம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. பிஎச் 6.6 முதல் 5.5 வரை: தொடாதீர்கள்

முதல் நாலைந்து மணி நேரம் பிஎச் அசையாது. புதியவர்கள் இங்கே பதறி இன்னும் கொஞ்சம் உறை போடுகிறார்கள், அல்லது பெட்டியைத் திறந்து சூடேற்றுகிறார்கள். இரண்டும் வேண்டாம். கூட்டம் பெருகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். முகர்ந்து பார்த்து முடிவுக்கு வரவும் வேண்டாம், மணம் வர வேண்டிய நேரமே இன்னும் வரவில்லை.

10 மணி நேரம் கழித்தும் 6.3-க்குக் கீழே வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பாலில் ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கலாம், உறை செத்திருக்கலாம். அந்தக் கிரீமைப் புளிக்கவைக்கத் தொடர்ந்து முயல வேண்டாம், கொட்டிவிடுங்கள். புளிப்பு ஏறாமல் மணிக்கணக்கில் கிடந்த கிரீம் மற்ற பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்திருக்கும்.

9. பிஎச் 5.5 முதல் 4.7 வரை: மணத்தின் நேரம்

டைஅசிட்டிலாக்டிஸ் வகை புளிப்பு ஏறும்போதே சிட்ரேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னத் தொடங்கியிருக்கும். லியூகோனோஸ்டாக் அப்படியல்ல. புளிப்பு போதாதவரை பைருவேட்டைப் பெரும்பாலும் லாக்டிக் அமிலமாகவே மாற்றும், பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் மணத்தின் பக்கம் திருப்பும். எல்டி உறையில் இந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகொடுக்கின்றன.

இந்த இடைவெளியைக் கடக்க 21 டிகிரியில் சுமார் 5 மணி நேரம் ஆக வேண்டும். 2 மணி நேரத்தில் கடந்துவிட்டால் பெட்டி சூடாகிவிட்டது என்று பொருள். உடனே ஒரு ஐஸ் பாட்டில் கூடுதலாக வையுங்கள்.

கிரீமின் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ்கள் தெரியலாம், மேற்பரப்பு லேசாக உப்பியிருக்கலாம். பயப்பட வேண்டாம், அது கார்பன் டைஆக்சைடு. சிட்ரேட் உடையும்போதும், பைருவேட் இணையும்போதும் அது வெளிவரும். மணம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு மீட்டர் சொல்லாத அடையாளம் இது. ஆனால் பஞ்சுபோல் பொங்கி, மாட்டுக்கொட்டகை வாடை அடித்தால் அது கோலிஃபார்ம், வீசிவிடுங்கள்.

5.0 வந்ததிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். கடைசி 0.3 இறங்கும் வேகத்தைக் கண்ணால் ஊகிக்க முடியாது. கிரீம் 5.0-க்குச் சற்று முன்பே கெட்டியாகத் தொடங்கி 4.8-ல் தயிர்போல் தெரியும், 4.5-லும் அதே மாதிரிதான் தெரியும்.

எங்கே நிறுத்துவது? 4.7 என்பது என் பதில். சிலர் 5.0-லேயே நிறுத்தி, மென்மையான வெண்ணெய் என்று விரும்புகிறார்கள். அது ருசி சார்ந்தது. 4.5-க்குக் கீழே மட்டும் போக வேண்டாம். அந்த நேரத்தில் சிட்ரேட் தீர்ந்திருக்கும். சிட்ரேட் இருக்கும்வரை புதிய டைஅசிட்டைல் வந்துகொண்டே இருக்கும், அதனால் கரைவது தெரியாது. தீர்ந்த பிறகு வரவு நின்று செலவு மட்டும் நடக்கும்.

10. நிறுத்துவது: காற்று, பிறகு குளிர்

4.7 வந்ததும் சுத்தமான கரண்டியால் ஒரு நிமிடம், நிதானமாக, மேலும் கீழுமாகப் புரட்டிக் கலக்குங்கள். செல்லுக்கு வெளியே நிற்கும் அசிட்டோலாக்டேட்டுக்கு இப்போது ஆக்சிஜன் வேண்டும். புளிப்பான சூழலில் அது இன்னும் எளிதாக உடையும். கலக்காமல் அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்த கிரீமையும், கலக்கி வைத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் கலக்கியதில்தான் மணம் எடுப்பாக இருக்கும்.

உடனே குளிர்விக்க வேண்டும். பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி ஆற நாலைந்து மணி நேரம் ஆகும், அதற்குள் பிஎச் 4.5-ஐத் தாண்டிவிடும். முதலில் ஐஸும் தண்ணீரும் கலந்த அகலமான பாத்திரத்தில் இறக்கிவைத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கி, 10 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு ஃப்ரிட்ஜ். இந்தக் குளிர்தான் புளிப்பையும் நிறுத்துகிறது, டைஅசிட்டைலைத் தின்னும் நொதியின் கையையும் கட்டிப்போடுகிறது.

11. கடைவதும் கழுவுவதும்

ஃப்ரிட்ஜில் ஓர் இரவு இருந்தால் கொழுப்பு படிகமாகும். மறுநாள் 10 முதல் 12 டிகிரியில் கடையுங்கள். அதைவிடச் சூடாக இருந்தால் வெண்ணெய் இளகிப்போய் மோரை உள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

மோர் தெளியும்வரை ஐந்தாறு தடவை கழுவுவது நம் வழக்கம். வெண்ணெய் நாள்பட இருக்க அது நல்லதுதான். ஆனால் டைஅசிட்டைல் தண்ணீரில் நன்றாகக் கரையும், ஒவ்வொரு கழுவலிலும் மணம் போகும். ஐஸ் தண்ணீரில் ஒரே தடவை கழுவி, நன்றாகப் பிசைந்து நீரை வெளியேற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் முடிக்கும்படி செய்வதே என் பரிந்துரை. கடைந்து வடித்த மோரைக் கொட்டிவிடாதீர்கள், மணத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

இந்த வெண்ணெயை நெய்யாகக் காய்ச்சலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காய்ச்சலாம், நெய் நன்றாகவே வரும். ஆனால் டைஅசிட்டைல் 88 டிகிரியில் கொதித்துப் போய்விடும். நெய் மணம் சூட்டில் புதிதாகப் பிறப்பது, அதன் வழியே வேறு. நெய்க்காக இத்தனை பாடுபட வேண்டியதில்லை.

12. மணம் வராவிட்டால் எங்கே தேடுவது

முதலில் உங்கள் தாளைப் பாருங்கள். 5.5-லிருந்து 4.7-க்கு எத்தனை மணி நேரம் ஆனது? 3 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் சூடு. கடைசி அளவு 4.5-க்குக் கீழே என்றால் நேரம். இரண்டும் சரியாக இருந்தும் மணம் இல்லையென்றால் உறை.

பச்சை வாடை தூக்கலாக இருந்தால் டைஅசிட்டைலைவிட அசிட்டால்டிஹைடு மிஞ்சியிருக்கிறது. டைஅசிட்டைல் அதைப்போல் 3 மடங்காவது இருந்தால்தான் வெண்ணெய் மணமாகத் தோன்றும். அடுத்த தடவை 20 டிகிரியில் வைத்துப் பாருங்கள், லியூகோனோஸ்டாக்குக்கு நேரம் கிடைக்கும்.

ஆய்வுக்கூட வசதி உள்ளவர்கள் கிரியாட்டின் சோதனை செய்யலாம். புளித்த பாலில் ஒரு சிட்டிகை கிரியாட்டினும், சம அளவு 40 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலும் கலந்து அரை மணி நேரம் வைத்தால், மேலே சிவப்பு வளையம் வரும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தக் கரைசலைத் தொடக்கூடாது. இந்தச் சோதனை டைஅசிட்டைலையும் மணமற்ற அசிட்டோயினையும் பிரித்துக் காட்டாது. சிவப்பு வந்தும் மணம் இல்லையென்றால், சிட்ரேட் கூட்டம் வேலை செய்திருக்கிறது, நீங்கள்தான் தாமதமாக நிறுத்தியிருக்கிறீர்கள். சிவப்பே வரவில்லையென்றால் அந்தக் கூட்டமே இல்லை.

13. அடுத்த தடவைக்கு உறை எடுத்துவைப்பது

தயிருக்குச் செய்வதுபோல் இதிலிருந்தே கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்ததற்கு ஊற்றலாமா? இரண்டு, மூன்று தடவை ஊற்றலாம். அதற்கு மேல் நம்ப முடியாது.

டைஅசிட்டிலாக்டிஸில் அந்த வாசல் புரதத்துக்கான மரபணு, முதன்மை மரபிழையில் இல்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கிறது. செல் பிரியும்போது அந்த வளையம் சில சேய்ச் செல்களுக்குப் போகாமல் விட்டுப்போகும். அவை வழக்கம்போல் பெருகும், புளிக்கவும் வைக்கும், சிட்ரேட்டை மட்டும் உள்ளே எடுக்காது. லியூகோனோஸ்டாக்கும் ஒவ்வொரு சுற்றிலும் விகிதத்தில் குறையலாம். தயிர் உறையில் இந்த நட்டம் நமக்குத் தெரிவதில்லை, அங்கே நாம் எதிர்பார்ப்பது புளிப்பைத்தான்.

எடுத்துவைப்பதாக இருந்தால் கிரீமிலிருந்து எடுக்காமல், அதே நாளில் 100 மில்லி காய்ச்சி ஆறிய பாலில் தனியாக உறை ஊற்றி, பிஎச் 4.7-ல் குளிர்வித்து, நாலு நாளுக்குள் பயன்படுத்துங்கள். பாட்டிலில் எத்தனையாவது சுற்று என்று எழுதி ஒட்டுங்கள். மூன்றாவது சுற்று முடிந்ததும், மணம் நன்றாகவே இருந்தாலும், புதுப் பாக்கெட்டைப் பிரித்துவிடுங்கள்.